நிலவுக் கல்லைத் தொட்டவ

மட்டக்களப்புச் சந்தைக்கு அக்காவோடு மீன் வாங்கப் போவதென்றால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு கடையில் ஒரு கொடுவாவைக் கையில் தூக்குவா. தூக்கியபடியே அடுத்த கடைக்கு நடந்துபோய், அங்கே கிடக்கிற கொடுவாவுக்குப் பக்கத்தில் அதை வைப்பா. இரண்டின் கண்ணையும் பார்ப்பா, செவுளைத் திறந்து பார்ப்பா, விரலால் அமர்த்திப் பார்ப்பா. முதல் கடைக்காரர் தன் மீன் எங்கே போகிறதென்று பின்னாலேயே வந்து நிற்பார். "உங்கட மீன் நேத்தையது தம்பி" என்று அவருக்கே சொல்லி, மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பா. ஏசினவர்களும் உண்டு. போகப்போக அவர்களே நல்ல மீனாகத் தனியே எடுத்து வைத்துவிட்டு, "நிலாக்கார மிஸ், இதப் பாருங்க" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கூப்பிட்டுக் கொடுத்த அந்த மீனையும் அவ அடுத்த கடைக்குத்தான் கொண்டுபோவா.

நான் அப்போது ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தட்டெழுத்தாளர். உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. டவுனில் தங்க இடமில்லாமல் நின்ற என்னைத் தன் வீட்டில் ஒரு அறையில் இருக்கச் சொன்னவ அக்கா. கூடத்துக்கு அவதான் பொறுப்பு. அங்கே எல்லோருக்கும் மிஸ். வீட்டில் எனக்கு மட்டும் அக்கா. பெயரை நான் எழுதவில்லை. ஆளைப் பற்றி யார் கதைத்தாலும் "ஆள விடு, விசயத்தச் சொல்லு" என்று இடைமறிக்கிறவ அவ.

நிலாக்கார மிஸ் என்ற பேர் சும்மா வந்ததல்ல. ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கைந்து வருடம் நிலவுக் கல்லும் விண்கல்லும் ஒப்பிட்டுப் படித்தவ. தாய்க்குக் கை கால் விழுந்துவிட்டதென்று கேள்விப்பட்டு ஓடி வந்தா. பார்த்துவிட்டுத் திரும்பிப் போகலாம் என்றுதான் வந்தது. பிறகு சண்டை மூண்டு பாதை மூடியது, தாயும் படுக்கையிலேயே பல வருடம் இருந்தா, படிப்பு முடியாமலே நின்றது. சந்திரனைப் பார்க்கப் போன பிள்ளை இப்போது கிணற்றுத் தண்ணீரைப் பார்க்கிறது என்று சொந்தக்காரர் உச்சுக் கொட்டுவார்கள். அக்காவுக்கு அது விளங்கவே இல்லை. அங்கேயும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துத்தான் பார்த்தேன், இங்கேயும் அதைத்தான் செய்கிறேன் என்பா.

எனக்குக் கூறைச் சேலை எடுக்கப் போன கதையை என் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். இரண்டு சேலையும் அசல் பட்டு என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். அக்கா இரண்டிலும் முந்தானை ஓரத்தில் ஒவ்வொரு நூலை உருவி, சாமிப் படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கில் காட்டினா. ஒரு நூல் தலைமயிர் கருகிய மணத்தோடு பொடியாகிப் போனது. மற்றது உருகி உருண்டையாகியது. கடைக்குள் இருந்த வேறு இரண்டு கல்யாண வீட்டுக்காரரும் தங்கள் சேலைகளைத் தூக்கிக்கொண்டு விளக்கடிக்கு வந்துவிட்டார்கள். கடைக்காரர் கும்பிடாத குறையாக எங்களை வழியனுப்பினார்.

ஒருநாள் வாழைச்சேனைக்குப் போகிற வழியில், ஜீப் ஓட்டுகிற அண்ணன் கேட்டார்: "மிஸ், சந்திரனுக்கு ஆக்கள் போனது மெய்யா, இல்லாட்டிப் படம் பிடிச்சுக் காட்டினதா?"

இப்படிக் கேட்டால் படித்தவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தா. தென்துருவத்துப் பனியில் விண்கற்கள் அப்படியே கிடக்கும், வெள்ளையில் கறுப்புத் தெரிவதால் பொறுக்குவது சுலபம். அப்படிப் பொறுக்கினதில் ஒரு கல் வேறு எந்த விண்கல்லோடும் ஒத்துவரவில்லை. எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் விழித்தார்கள். கடைசியில் நிலவிலிருந்து ஆட்கள் எடுத்து வந்த கற்களுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தார்கள். கூடப் பிறந்தது மாதிரி இருந்ததாம். நிலவில் ஏதோ பெரிதாக வந்து மோதியதில் அது தெறித்துப் பறந்து வந்து இங்கே விழுந்திருக்கிறது.

"ஆக்கள் போய் எடுத்து வந்த கல்லு, தானா வந்து விழுந்த கல்லு. ரெண்டும் ஒண்டா நிண்டுது" என்றா. "நான் ரெண்டையும் பாத்தன். அதால போனது மெய்யெண்டு சொல்லுறன். பாக்காட்டிச் சொல்லியிருக்க மாட்டன்."

இன்னொன்றும் சொன்னா. நாங்கள் மூச்சாக இழுக்கிற ஒட்சிசன் கல்லுக்குள்ளேயும் இருக்கிறது, அதில் மூன்று வகை. எந்த வகை எவ்வளவு கலந்திருக்கிறதென்று பார்த்தால் ஒரு கல்லின் பிறந்த ஊரைச் சொல்லலாம். விண்கற்களில் பெரும்பாலானவை பூமியோடு ஒத்துப்போவதில்லை. நிலவும் பூமியுமோ அச்சாக ஒரே மாதிரி. அதனால்தான், ஆதியில் நடந்த ஒரு மோதலில் இரண்டும் ஒரே குழம்பிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படியென்றால் நிலவும் எங்கட வீட்டு வளவுதான் என்றார் ஜீப் அண்ணன். அக்காவுக்கு அந்தச் சொல் நன்றாகப் பிடித்துவிட்டது. கனகாலம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தா.

சுனாமியாகக் கடல் வந்த வருடம் எங்கள் வேலை தலைகீழாக மாறியது. கல்லடியிலிருந்து வாகரை வரைக்கும் கரையோரக் கிணறெல்லாம் உப்பு. உயிர் தப்பிய சனம் இடிந்த வீட்டுக்கு வந்து முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தது. குடிக்கலாமா என்று கேட்பார்கள். எப்போது குடிக்கலாம் என்று கேட்பார்கள். ஒரு மாதத்தில் சரியாகும் என்று ஆறுதலுக்காவது சொல்லிவிட்டு வரலாம். அக்கா சொல்லமாட்டா. கரையில் ஒரு கிணறு, ஊர்ப் பக்கமாகத் தள்ளி ஒரு கிணறு, இரண்டிலும் போத்தலில் எடுப்பா. அடுத்த மழைக்குப் பிறகு வந்து திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் சொல்லலாம் என்பா. சொன்ன மாதிரியே வருவா. பிணம் எடுத்த கிணறுகளுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் போத்தல்களில் பேர் ஒட்டும்போது நான் ஒட்டினது கோணிப்போகும். அக்கா ஒட்டினது ஒன்றும் கோணியதில்லை. வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் வார்த்தால், நெடுநேரம் வார்த்துக்கொண்டே இருப்பா.

அந்தப் பயணங்களில்தான் வாகரைக்கு வடக்கே ஒரு சின்ன மீன்பிடிக் குடியிருப்பு எனக்குப் பழக்கமானது. அங்கே கடற்கரையில் ஒரு அம்மன் கோயில் இருந்தது. உள்ளே சிலை கிடையாது, ஒரு கருங்கல் மட்டும். பூட்டனின் காலத்தில் அது வானத்திலிருந்து நெருப்பாக இறங்கி வந்தது என்பது அந்த ஊரின் கதை. கடல் கோயிலையும் கொண்டுபோனது, கல்லையும் கொண்டுபோனது, ஊரில் கிட்டத்தட்டப் பாதிப் பேரையும் கொண்டுபோனது.

வள்ளிப்பிள்ளை என்ற தாய்க்கு ஒரே மகன். பள்ளிக்கூடம் போகத் தொடங்கின வயது. அவனுடைய உடல் கிடைக்கவில்லை. வள்ளிப்பிள்ளை வெறுங்கையால் மணலைக் கிளறிக்கொண்டு திரிந்தபோது, மகன் கிடைக்கவில்லை, ஒரு கருங்கல் கிடைத்தது. அம்மன்தான் என்று சனம் அழுது கும்பிட்டது. பிறகு சண்டை அந்தப் பக்கம் வந்தபோது, உடுத்த துணியோடு ஓடின சனத்தில் வள்ளிப்பிள்ளை மட்டும் அந்தக் கல்லைச் சேலையில் சுற்றிச் சுமந்துகொண்டு ஓடினா. வாழைச்சேனைப் பக்கத்து முகாமில் ஒரு கூடாரத்தில் அதற்கு விளக்கு வைத்தார்கள்.

சண்டை ஓய்ந்து சனம் திரும்பியபோது ஊர் இரண்டாகப் போனது. ஒரு பாதி பழைய இடத்துக்கே போனது. மறு பாதிக்குக் கடல் பயம். அவர்கள் உள்ளே தள்ளிக் கொட்டில் போட்டார்கள். வள்ளிப்பிள்ளையும் அங்கேதான். பழைய இடத்துக்குப் போனவர்கள் கோயில் இருந்த மண்ணை வெட்டித் துப்புரவாக்கியபோது அடியில் இன்னொரு கருங்கல் வந்தது. இதுதான் எங்கட அம்மன் என்றார் கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர். முகாமிலும் வெளியிலுமாக நாலு வருடமாகக் கும்பிட்டது என்ன, அம்மிக் கல்லா என்று மற்றப் பக்கம் கேட்டது. பேசி முடித்திருந்த ஒரு கல்யாணம் இதிலே நின்றுபோனது. ஒரு வள்ளம் எரிந்தது. அம்மனுக்கு ஊர் கூடி எடுக்கிற வைகாசிச் சடங்கு வர இருந்தது. இரண்டு பக்கமும் தாங்கள்தான் செய்வோம் என்று நின்றார்கள். அந்த வைகாசியில்தான் வடக்கிலும் சண்டை முடிந்தது. நாடு முழுக்க வெடி நின்ற நேரத்தில் இந்தச் சின்ன ஊரில் ஆளை ஆள் வெட்டிக்கொள்வார்களோ என்ற பயம்.

வண்ணக்கரும் மற்றப் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் ஒன்றாகவே கூடத்துக்கு வந்தார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. எது பழைய கல் என்று மிஸ் சொன்னால் இரண்டு பக்கமும் கேட்போம் என்றார்கள். பழைய கல்லில் ஒரு துண்டாவது இல்லாமல் எப்படிச் சொல்வது என்று அக்கா கேட்பா என்று நான் காத்திருந்தேன். அவ கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டா. அந்தக் கிழமை ஏழு நாளும் மீன் வாங்கப் போகவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் அலுமாரியைத் திறந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து என் கையில் வைத்தா. அதில் தாளைவிட மெல்லிசாக, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரித் தேய்த்த ஒரு கல் ஒட்டியிருந்தது.

அது அந்த அம்மன் கல்தான். ஜப்பானுக்குப் போகுமுன் இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிற காலத்தில், தாயின் நேர்த்திக்கடனுக்காக அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறா. கல்லின் அடியில் உதிர்ந்து கிடந்த ஒரு சில்லை அப்போதிருந்த பூசாரி விபூதியோடு சேர்த்துக் கையில் கொடுத்தாராம். வானத்துக் கல் என்று நம்பி, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் படிப்பில் ஆசையே வந்தது. ஜப்பானுக்குப் போய் முதல் வேலையாகத் தேய்த்தது அந்தச் சில்லைத்தான்.

விண்கல்லுக்கு மேலே எரிந்த தோல் இருக்கும், உள்ளே பெரும்பாலும் இரும்புப் பொட்டுகள் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. நிலவிலிருந்து வந்ததென்றால் பிறந்ததிலிருந்து ஈரம் கண்டிருக்காது. இந்தச் சில்லு முழுக்க, தண்ணீர் பட்டு நிறம் மாறின மணிகள். வாகரைக்கு மேற்கே காட்டுக்குள் பாறை வெடிப்புகளில் நெருப்புக் குழம்பு ஏறி இறுகின கருங்கல் வரிசைகள் உண்டு. அதில் உடைந்த துண்டு.

"அழுதியளா?" என்று கேட்டேன்.

"இல்ல புள்ள. சிரிச்சன். வானத்துக் கல்லத் தேடி அவ்வளவு தூரம் போய், ஊர்க் கல்ல அடையாளம் கண்டிருக்கன்."

ஏன் ஊருக்குச் சொல்லவில்லை என்றதற்கு, ஒருவரும் கேட்கவில்லையே என்றா. கேட்காதவர்களிடம் போய்ச் சொல்வது ஒன்று, கேட்டவர்களுக்குச் சொல்லாமல் விடுவது வேறு. எது பழையது என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள், வானத்துக் கதையை விடுங்கள் என்று நான் கெஞ்சினேன். அந்தக் கேள்வி வராவிட்டால் தானும் வாய் திறக்கமாட்டேன், வந்தால் பொய் சொல்ல ஏலாது என்றா. அந்தக் கிழமையில் இதைத்தான் அவ யோசித்திருக்கிறா.

இரண்டு கல்லிலிருந்தும் பொட்டளவு சில்லு எடுக்க இரண்டு பக்கமும் சம்மதித்தார்கள். தேய்க்கிற மெசின் எங்களிடம் இல்லை. மோட்டார் கராஜில் வால்வு தேய்க்கிற பசையை வாங்கி, கண்ணாடிப் பலகையில் பூசி, கையாலேயே தேய்த்தா. நானும் தேய்த்தேன், நாலைந்து சில்லுகளை உடைத்தேன். தண்ணீர்ப் பூச்சிகளைப் பெரிதாக்கிக் காட்டுகிற நுணுக்குக்காட்டியில், வெயிலுக்குப் போடுகிற உடைந்த போலராய்டு கறுப்புக் கண்ணாடி ஒன்றின் இரண்டு வில்லைகளையும் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தியபோது, கறுப்பாகக் கிடந்த கல் மஞ்சளும் நீலமுமாகப் பூத்தது. அக்கா அந்தத் துண்டை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தா. அவ விட்டுவிட்டு வந்த வேலை அது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பழைய கோயிலடி மர நிழலில் இரண்டு பக்கத்துச் சனமும் கூடியது. வெயிலைக் கண்ணாடியில் வாங்கி, நுணுக்குக்காட்டியை ஒரு மேசையில் வைத்து, மூன்று துண்டையும் எல்லோருக்கும் காட்டினா. பெண்களும் பிள்ளைகளும் கூட வரிசையில் வந்து பார்த்தார்கள். பழைய சில்லில் வைக்கோலைப் பிய்த்துத் தூவின மாதிரி வெள்ளைக் கோடுகள். வண்ணக்கரின் கல்லிலும் அதே வைக்கோல். வள்ளிப்பிள்ளையின் கல்லில் அப்படியில்லை; நெருங்கிப் படுத்த பச்சைக் கோடுகள், வரி வரியாக. அக்கா எதையும் சொல்வதற்கு முன்பே சனத்துக்கு விளங்கிவிட்டது. வள்ளிப்பிள்ளையும் வந்து குனிந்து பார்த்தா. நிமிரும்போது அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வண்ணக்கரின் கல் பழைய கல்லின் வகை, அதே கல்தான் என்று அடித்துச் சொல்ல ஏலாது, ஆனால் அதுவாக இருக்கலாம். மற்றது அந்த வகை இல்லை என்று அக்கா சொன்னா. வண்ணக்கர் எழும்பி நின்றார். "அப்ப எங்கட அம்மன் வானத்தில இருந்து வந்ததெண்டதையும் இந்தச் சனத்துக்கு ஒருக்காச் சொல்லிப் போட்டுப் போங்க, மிஸ்" என்றார்.

நான் மேசையிலிருந்த கண்ணாடித் துண்டுகளைப் பெட்டிக்குள் எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

"இல்ல ஐயா. அது வானத்தில இருந்து வரல்ல. இந்த மண்ணில பிறந்த கல்லு."

சத்தம் கிளம்பியது. வண்ணக்கர் கையைத் தூக்கி அடக்கினார். கோபத்தைவிட அவர் குரலில் நோவுதான் இருந்தது. "அப்ப எங்கட மூத்தாக்கள் பொய்யரா?"

"அவங்க கண்டத நான் காணல்ல. அது பொய்யெண்டு நான் சொல்லல்ல. கல்லில கிடக்கிறத மட்டுந்தான் எனக்குச் சொல்ல ஏலும்."

அப்போது வள்ளிப்பிள்ளை கேட்டா. மெதுவாகத்தான் கேட்டா, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "என்ட கல்லு எந்த ஊர், மகள்?"

"அதுவும் இந்த ஊர்தானம்மா. இஞ்சத்த அடிப்பாறை. அந்தக் கறுப்புக் கல்லு அதுக்குள்ளால பிறகு ஏறி வந்தது." கொஞ்சம் நிறுத்தி, "வயசப் பாத்தா உங்கட கல்லுத்தான் மூத்தது. கனக்க மூத்தது" என்றா.

ஆறுதலுக்குச் சொன்னதல்ல அது. அக்கா அப்படிச் சொல்லத் தெரிந்தவவும் அல்ல. உண்மையே அதுதான். ஆனால் சனத்துக்குள் அது என்னவோ செய்தது. வண்ணக்கர் தலையைக் குனிந்துகொண்டு நடந்துபோய்விட்டார். நாங்கள் சாமான்களைக் கட்டினோம். அக்காவை வள்ளிப்பிள்ளை தேத்தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போனா. நான் ஜீப்பருகில் நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது.

சில நாளில் வண்ணக்கர் தன் ஆட்களோடு உள் குடியிருப்புக்குப் போனாராம். மூத்தது வெளியில் கிடக்க ஒண்ணாது என்று சொல்லி, வள்ளிப்பிள்ளையின் கல்லைத் தானே தலையில் சுமந்து கொண்டுவந்து மற்றதற்கு வலப்பக்கத்தில் வைத்தாராம். அந்தச் சடங்கு ஒன்றாக நடந்தது. நின்ற கல்யாணம் நடக்கவில்லை. அந்தப் பெண்ணை அதற்குள் ஏறாவூருக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வள்ளம் எரித்தவன் யாரென்றும் தெரியாமலே போனது. வண்ணக்கர் அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்கவே இல்லை. அடுத்த வருடச் சடங்கிலும் அம்மன் நெருப்பாக வானத்திலிருந்து இறங்கின கதையைத்தான் பாடினார்கள், இப்போது இரண்டு கல்லாக இறங்கியதாக. அதைக் கேள்விப்பட்டு அக்கா வயிறு குலுங்கச் சிரித்தா.

கொஞ்சக் காலத்தில் நான் கணவரோடு வவுனியாவுக்குப் போய்விட்டேன். அக்கா ஓய்வு பெற்றபின் மீண்டும் ஜப்பானுக்கு, அந்த ஆய்வுகூடத்துக்கே போனதாகக் கேள்விப்பட்டேன். அங்கே அவவுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று தெரியாது.

பல வருடம் கழித்துப் பாசிக்குடாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது, வாழைச்சேனையில் கருவாட்டுக் கடை ஒன்றில் வள்ளிப்பிள்ளையைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, பக்கத்தில் இருத்தி, முதலில் அக்காவைத்தான் கேட்டா. பிறகு அன்றைக்குத் தேத்தண்ணிக்குப் போன இடத்தில் நடந்ததைச் சொன்னா.

மகன் எங்கே இருக்கிறான் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறா. அதுவரை சாத்திரம் பார்த்தவர்கள் அவன் தெற்கே ஒரு வீட்டில் வளர்கிறான் என்றார்கள். சொந்தக்காரர், செத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய் என்றார்கள். கோயிலடியில் அவன் அம்மனிடம் போய்விட்டான் என்றார்கள். ஒவ்வொருவர் சொல்லுக்கும் ஒவ்வொரு பக்கம் ஓடி ஓய்ந்து போயிருந்தா.

"உங்கட அக்கா மட்டுந்தான் தெரியாது எண்டு சொன்னவ. சொல்லிப்போட்டு எழும்பிப் போகல்ல. என்ட கையப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ" என்றா வள்ளிப்பிள்ளை. "அண்டையோட நான் சாத்திரம் கேக்கிறத விட்டுட்டன். சோறு மட்டும் அவனுக்கும் சேத்துத்தான் ஆக்குவன். பின்னேரம் வரைக்கும் மூடி வைச்சிருந்து, மறுகா நாய்க்குப் போடுவன்."

கருவாட்டை ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டே சொன்னா. அதற்குப் பிறகு அக்கா கிணறு பார்க்க அந்தப் பக்கம் வரும் நாளெல்லாம் கையில் சாப்பாடு கொண்டு வரமாட்டாவாம். மத்தியானம் வந்து, கால் கழுவிவிட்டு, நேரே அடுக்களையில் உட்காருவாவாம். மூடி வைத்திருக்கிற அந்தப் பங்கை எடுத்து முன்னால் வைத்தால், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டுப் போவாவாம்.